கப்பல் இருக்கு... ஆவி எங்கே?

வருஷம் தவறாமல் சுதந்திர தினத்துக்கோ, செப்டம்பர் 5-ம் தேதி வ.உ.சி. பிறந்த நாளுக்கோ ஏதாவது ஒரு சேனலில் 'கப்பலோட்டிய தமிழன்' போட்டுவிடுகிறார்கள். நாமும் பார்த்துவிடுகிறோம். சிவாஜி செக்கிழுக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். விளம்பர இடைவேளையில் காபி வருகிறது.

அடுத்த தடவை அந்த இடைவேளையில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், "வ.உ.சி. கப்பல் எதுல ஓடிச்சு?" என்று கேளுங்கள். "கடல்லதான்" என்று ஏதாவது ஒரு வாண்டு சொல்லும். பெரியவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பாய்மரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இத்தனைக்கும் பதில் அந்தக் கம்பெனியின் பெயரிலேயே நட்டநடுவில் இருக்கிறது: சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தமிழில் அதை 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்றார்கள். நாவாய், சங்க இலக்கியத்துச் சொல். கம்பீரமான சொல்தான். ஆனால், தமிழுக்கு வரும்போது நடுவில் இருந்த 'ஸ்டீம்' மட்டும் கழன்று கடலில் விழுந்துவிட்டது. அதை இன்னும் யாரும் வெளியே எடுக்கவில்லை. படமும் எடுக்கவில்லை, பாடப் புத்தகமும் எடுக்கவில்லை.

'இதிலென்ன இருக்கிறது? நீராவியோ டீசலோ, மனுஷன் பட்ட பாட்டைப் பாரய்யா' என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. அவர் ஏன் ஜெயித்தார், ஏன் தோற்றார் என்ற இரண்டு கேள்விகளுக்குமான பதிலில் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பது என் கட்சி.

*

முதலில் படத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். 1961-ல் பி.ஆர்.பந்துலு எடுத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்து ஊரையே கலக்கியிருந்தார். அதே சீமையிலிருந்து அடுத்த கதை. தலைப்பு, ம.பொ.சி. எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது. கட்டபொம்மனில் கர்ஜித்த அதே சிவாஜி இதில் குரலைத் தாழ்த்தி, தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு வக்கீலாகவே மாறியிருந்தார். எஸ்.வி.சுப்பையாவைப் பார்த்த பிறகு பாரதியை வேறு முகத்தில் நினைத்துப் பார்க்கவே பல பேருக்கு முடியவில்லை. சுப்பிரமணிய சிவாவாக டி.கே.சண்முகம். பாரதியின் பாட்டுகளுக்கு ஜி.ராமநாதன் இசை. ஜெமினி, சாவித்திரி காதலுக்குக்கூட பாரதி பாட்டுதான். இப்படி ஒரு கூட்டணி இனி அமையுமா என்பது சந்தேகம்.

ஆனால், படம் வெளியானபோது ஓடவில்லை. கப்பல் விட்டவரும் நஷ்டப்பட்டார், கப்பலைப் பற்றிப் படம் எடுத்தவரும் நஷ்டப்பட்டார். பிற்பாடுதான் வரிவிலக்கு, மரியாதை, டி.வி. ஒளிபரப்பு எல்லாம் வந்தன. இன்றைக்குத் தமிழர்களின் மனசில் இருக்கும் வ.உ.சி., கிட்டத்தட்ட இந்தப் படத்தின் வ.உ.சி.தான். அதனால்தான் படத்தோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. செல்லாத படத்தோடு யார் சண்டை போடுவார்கள்?

படம் சொல்லும் கதை இது: ஒரு நல்ல மனிதர் கப்பல் விட்டார், வெள்ளைக்காரன் சூழ்ச்சி செய்தான், அவரை ஜெயிலில் போட்டு மாடு மாதிரி செக்கிழுக்க வைத்தான், நாடு அவரை மறந்தது. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால், இந்தக் கதையில் கப்பலுக்குப் பதில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். அதுதான் என் குறை. கப்பல் இங்கே ஒரு கொடி மாதிரி. பறக்கிறது, நாம் கை தட்டுகிறோம், இறக்கப்படுகிறது, நாம் அழுகிறோம். அதன் வயிற்றுக்குள் என்ன எரிகிறது என்று பார்ப்பதில் படத்துக்கு அக்கறை இல்லை.

*

அந்தக் கடற்கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பல நூறு வருஷமாக அது இரண்டே விஷயங்களால் பிழைத்த கரை: மூச்சு, காற்று. முத்துக்குளிக்கிறவருக்கு மூச்சு. கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிஷம் சொச்சம் தம் பிடித்து, கையில் கிடைத்த சிப்பியைக் கூடையில் போட்டு மேலே வர வேண்டும். தோணிக்காரருக்குக் காற்று. வாடை அடித்தால் ஒரு பக்கம், கச்சான் அடித்தால் இன்னொரு பக்கம். காற்று இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து பாயைத் தைக்க வேண்டியதுதான். தோணி சும்மா நின்றால் பெரிதாகச் செலவில்லை. கடலில் அவசரம் என்பது கிடையாது.

இந்த உலகத்தை நம் இலக்கியம் ஓரளவு பதிவு செய்துவிட்டது. ஜோ டி குருஸின் 'கொற்கை' (2009) தூத்துக்குடித் தோணிகளுக்கு ஒரு பெரிய புராணமே எழுதிவிட்டது. 2013-ல் சாகித்ய அகாடமியும் வாங்கியது. பாய்க்கு ஒரு நாவல் கிடைத்துவிட்டது. பாய்லருக்குத்தான் ஒன்றும் இல்லை.

பாய்லர் எப்போது வந்தது? ரயில் 1876-ல் தூத்துக்குடியைத் தொட்டது. பருத்தியும் ஜனங்களும் கடற்கரை வரைக்கும் நீராவியிலேயே வந்து இறங்கினார்கள். அங்கிருந்து கொழும்புக்கு ஸ்டீமர். ஒரு ராத்திரிப் பயணம். சென்னையிலிருந்து அந்த ஸ்டீமரைப் பிடிக்க வந்த ரயிலுக்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்கள், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள், அரிசி மூட்டை, தபால்பை எல்லாம் இந்த வழியாகத்தான் போயின. ஸ்டீமர்களை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. 1856-ல் கல்கத்தா - பர்மா தபால் சர்வீஸாகப் பிறந்து, 1862-ல் இந்தப் பெயரை வாங்கிக்கொண்ட கம்பெனி. வ.உ.சி. காலத்தில் அவர்களிடம் நூறு கப்பலுக்கு மேல் இருந்தன. தபால் கொண்டுபோவதற்காக சர்க்கார் கொடுத்த பணம் தனி.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக் கடல் ஆழம் கம்மி. பெரிய ஸ்டீமர்கள் கரைக்கு வர முடியாது. பல மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து ஆளையும் சரக்கையும் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அதாவது, நீராவி வந்த பிறகும் கடைசி சில மைலுக்குத் துடுப்பும் பாயும் பரதவர் கையும் வேண்டியிருந்தது. ஏற்றிய பிறகு? காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன, கப்பல் கிளம்பும் நேரம் போர்டில் எழுதியபடி. அந்தக் கரைக்கு நீராவி கொண்டுவந்த பெரிய புதுமை, வேகத்தைவிட டைம்டேபிள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இப்போது கம்பெனிக்கு வருவோம். 1906 அக்டோபர் 16-ல் பதிவானது. பத்து லட்ச ரூபாய் மூலதனம். 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 ஷேர், அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு எடுத்தார். மீதியை ஊர் ஊராகப் போய் விற்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் பெரும்பாலும் வ.உ.சி.யுடையது.

கவனியுங்கள். மூதாதையர் ஓட்டிய பாய்க்கப்பலை மீண்டும் ஓட்டுவோம் என்று அவர் பழம்பெருமை பேசிக்கொண்டு நிற்கவில்லை. தோணிகள் தூத்துக்குடியில் ஏற்கெனவே இருந்தன. சுதேசிக்காரர்கள்தான் ஓட்டினார்கள். வெறும் 'தமிழன் கப்பல்' போதும் என்றால் அதுவே போதும். அவர் கை வைத்தது எதிராளியின் இயந்திரத்தில். முதலில் வாடகைக் கப்பல். பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் அது பறிபோனது. கொழும்பிலிருந்து இன்னொரு வாடகைக் கப்பல். பிறகு, வாடகை சரிப்படாது, சொந்தமாகவே வாங்குவோம் என்று எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ. இரண்டும் 1907-ல் தூத்துக்குடிக்கு வந்தன. அந்த 'எஸ்.எஸ்.'ஸுக்கு என்ன அர்த்தம் தெரியுமில்லையா? ஸ்டீம் ஷிப்!

அடுத்து வருவது நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்த கதை. பி.ஐ. டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பி.ஐ. இலவசம் என்றது, போதாததற்கு ஒரு குடையும் தருகிறேன் என்றது. கதையில் இந்தக் குடை ரொம்ப முக்கியம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மனசில் நிற்கும். வெள்ளைக்காரன் எவ்வளவு கேவலமானவன் பார், குடை கொடுத்து ஆள் பிடிக்கிறான் என்று நாம் சிரிக்கிறோம்.

சிரிப்பதற்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டும். பாய்த்தோணி சும்மா நின்றால் பெரிய நஷ்டமில்லை என்று சொன்னேன் அல்லவா? ஸ்டீமர் அப்படியில்லை. அது யானை. நின்றாலும் தின்னும், நடந்தாலும் தின்னும். ஓடினால் மணிக்கணக்கில் கரி. நின்றாலும் சர்ட்டிஃபிகேட் வாங்கிய எஞ்சினீயருக்கும், கரி அள்ளிப் போடுகிறவர்களுக்கும் சம்பளம். இன்ஷூரன்ஸ். அவ்வப்போது பாய்லரைச் சோதிக்க வேண்டும், அடிப்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் இந்தச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. அதனால் ஸ்டீமர் தொழிலில் ஒரே சூத்திரம்தான்: கப்பல் நிரம்ப வேண்டும், ஒவ்வொரு தடவையும் நிரம்ப வேண்டும். எதிராளியை ஒழிக்க வேண்டுமென்றால் அவன் கப்பலை மூழ்கடிக்கத் தேவையில்லை. காலியாக ஓட வைத்தால் போதும்.

இரண்டு கப்பல் வைத்திருப்பவரால் எத்தனை மாசம் காலியாக ஓட்ட முடியும்? நூறு கப்பல் வைத்திருப்பவர் இந்த ஒரு ரூட்டில் விடுகிற பணத்தை ரங்கூன் ரூட்டிலும் பம்பாய் ரூட்டிலும் எடுத்துவிடுவார். மேலே சர்க்கார் தபால் பணம். குடை தூத்துக்குடியில் கொடுக்கப்பட்டது. அதற்கான காசு வங்காள விரிகுடா முழுக்க வசூலானது.

இது ஏதோ வ.உ.சி. மேல் தனிப்பட்ட வன்மத்தால் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. வங்காளத்தில் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884-ல் குல்னா - பரிசால் ஆற்று ரூட்டில் ஸ்டீமர் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு கட்டணப் போட்டி. ஜனங்களும் தேசபக்தியோடு அவர் கப்பலில் ஏறினார்கள். கப்பல் நிறைய நிறைய நஷ்டமும் நிறைந்தது. இழுத்து மூடினார். 1893-ல் சாட்சாத் ஜாம்ஷெட்ஜி டாடா, ஜப்பானின் நிப்பான் யூசென் கம்பெனியோடு கை கோத்து பம்பாயிலிருந்து தூரக் கிழக்குக்குக் கப்பல் விட்டார். பி. அண்ட் ஓ. கம்பெனி டன்னுக்கு 19 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த சரக்குக் கட்டணத்தை ஒன்றரை ரூபாய்க்கு இறக்கியது. டாடா லைன் சீக்கிரமே படுத்துவிட்டது. டாடாவே படுத்தார்! கூட்டாளியான ஜப்பான் கம்பெனி பிழைத்தது. ஏன்? அவர்கள் பின்னால் ஜப்பான் சர்க்கார் நின்றது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நீராவிக் கப்பலுக்குக் கரி வேண்டும், மூலதனம் வேண்டும். இவை இரண்டும் இருந்தாலும் போதாது, முதுகுக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் வேண்டும். ஜப்பான்காரனுக்கு இருந்தது. டாடாவுக்கு இல்லை. வ.உ.சி.க்கு எதிராகவே இருந்தது. 'சொந்த சர்க்கார் இல்லாமல் சொந்தக் கப்பல் கிடையாது' என்பது அந்தத் தொழிலின் கணக்குப் புத்தகமே சொல்லும் பாடம். சுயராஜ்யம் என்ற சொல்லை வ.உ.சி. மேடையிலிருந்து கம்பெனிக்குக் கொண்டுபோனார் என்று படம் நம்மை நினைக்க வைக்கிறது. கம்பெனியிலிருந்தும் அந்தச் சொல் மேடைக்கு வந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது பயணம்தான் படத்தில் இல்லை.

*

படம் விட்ட இன்னொரு முடிச்சு, கோரல் மில்.

ஹார்வி சகோதரர்களின் கதை ஒரு விதத்தில் நீராவியின் கதை. அவர்களுடைய முதல் மில் பாபநாசத்தில் எழுந்தது. காரணம், தாமிரபரணி. அருவித் தண்ணீர் விழுகிற வேகத்தில் சக்கரம் சுற்றும். தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கேதான் மில் கட்ட முடியும். 1769-ல் ஜேம்ஸ் வாட் பேடன்ட் வாங்கிய சமாச்சாரம் இந்தக் கட்டாயத்தைத்தான் உடைத்தது. கரி வந்து சேரும் இடமெல்லாம் மில் கட்டும் இடம் ஆனது. 1888-ல் தூத்துக்குடியில் கோரல் மில் வந்தது. அருவி கிடையாது, ஆறும் கிடையாது. ஆனால் கப்பல் வரும், ரயில் வரும், கரிசல் காட்டுப் பருத்தி வரும். போதாதா?

அருவிக்குக் கோடை உண்டு. காற்றுக்கு ஓய்வு உண்டு. தூத்துக்குடிக் கரையில் கடலுக்கே ஞாயிற்றுக்கிழமை லீவு. பரதவர் அன்றைக்குக் கோயிலுக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். பாய்லருக்கு எந்தக் கிழமையும் தெரியாது. மூட்டிய நெருப்பை அணைத்தால் மறுபடி மூட்டச் செலவு. அதனால் கூடுமானவரை அணைக்காமல் ஓட்டுவதே லாபம். 1908 பிப்ரவரி 27-ம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டதில் கூலி உயர்வும் உண்டு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. மீனவனுக்கு இருந்த ஞாயிற்றுக்கிழமை மில்காரனுக்கு இல்லை. பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். நிர்வாகம் இறங்கி வந்தது.

இது எவ்வளவு விசித்திரமான நிலைமை என்று பாருங்கள். துறைமுகத்தில் ஒரு வ.உ.சி. இருக்கிறார். அவருக்கு பாய்லர் அணையாமல் எரிய வேண்டும், கப்பல் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், ஷேர்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மில் வாசலில் இன்னொரு வ.உ.சி. அவருக்கு பாய்லர் ஒரு நாளாவது அணைய வேண்டும், மனுஷனுக்கு மூச்சு விட நேரம் வேண்டும். இரண்டும் ஒரே ஆள், ஒரே ஊர். நீராவியின் லாபத்தை சுதேசிக்கு வாங்கித் தர நினைத்தவரும் அவரே, நீராவி மனிதனைப் பிழிவதைத் தடுக்க நின்றவரும் அவரே. அந்தக் காலத்தில் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த முதலாளிகள் உலகத்திலேயே எத்தனை பேர்? ஒரு திரைக்கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? படமோ கப்பலை ஒரு அத்தியாயமாகவும் வேலைநிறுத்தத்தை இன்னொரு அத்தியாயமாகவும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் பொது எதிரி வெள்ளைக்காரன் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

வெள்ளைக்காரர்களுக்கு அந்த முடிச்சு நன்றாகப் புரிந்திருந்தது. கப்பலை மட்டும் தொட்டபோது குடையால் சமாளித்தார்கள். கப்பலையும் மில்லையும் ஒரே ஆள் தொட்டதும் குடை போய் விலங்கு வந்தது. வேலைநிறுத்தம் தொடங்கிய பதினாலாவது நாள், மார்ச் 12-ம் தேதி, கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போயிற்று. ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது.

அப்புறம் செக்கு. படத்தின் உச்சம். பார்க்கிற யாரையும் உலுக்கும் காட்சி. எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால், அந்தத் தண்டனையின் குரூரம் எங்கே இருக்கிறது? மாடு செய்யும் வேலையை மனுஷனைச் செய்ய வைத்தார்கள் என்பது ஒன்று. நீராவியை எங்கள் கையிலும் கொடு என்று கேட்டவரை, நீராவிக்கு நூற்றாண்டுகள் முந்திய செக்கில் கட்டினார்கள் என்பது இன்னொன்று. 'உனக்கு இயந்திரமா? இந்தா, நீயே இயந்திரம்' என்று சொல்கிற மாதிரி. முதல் பாதியில் பாய்லரைக் காட்டியிருந்தால்தான் இரண்டாம் பாதியில் செக்கின் முழு அர்த்தம் விளங்கும். பாய்லரைக் காட்டாததால் செக்கு வெறும் சித்ரவதைக் கருவியாக நின்றுவிட்டது.

*

'ஐயா, சினிமாவுக்கு முகம் வேண்டும். பாய்லரைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? கணக்குப் புத்தகத்துக்கு யார் விசில் அடிப்பார்கள்?' என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம். அதற்கு பதில், 1997-ல் வந்து நம்ம ஊர் தியேட்டர்களிலும் சக்கைப்போடு போட்ட 'டைட்டானிக்'. மேலே பட்டுக் கவுன்கள் நடனமாடும்போது, கீழே கரிப்புகை மண்டிய பாய்லர் அறையில் சட்டையில்லாத மனுஷர்கள் கரி அள்ளிப் போடுவதை கேமரா இறங்கிப் போய்க் காட்டியது. கதையும் கெடவில்லை, காதலும் கெடவில்லை. கப்பல் என்பது ஒரு சமூகம் என்று பார்த்தவனுக்குப் புரிந்தது. 1961-ல் பந்துலுவிடம் அந்தக் காசும் இல்லை, அந்த வசதியும் இல்லை என்பது உண்மை. எஞ்சின் அறை செட் போடக் காசு இல்லாவிட்டாலும், ஷேர்தாரர்கள் கூட்டம் ஒன்றைக் காட்ட ஒரு மேஜையும் பத்து நாற்காலியும் போதும். வசனம் சபையை அதிர வைத்திருக்கும்.

அந்தக் கூட்டம் முக்கியம். ஏனென்றால், வ.உ.சி. ஜெயிலில் இருந்தபோது கம்பெனி நொடித்து, 1911-ல் கலைக்கப்பட்டது. நம் நினைவில் இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு: கூட இருந்தவர்கள் துரோகம் செய்தார்கள், பயந்து ஓடினார்கள். பயந்திருக்கலாம். ஆனால், இரண்டு யானைகளுக்கு தினமும் தீனி போட வேண்டிய நிலைமையில், பாகன் ஜெயிலில் இருக்கும்போது, சர்க்காரே எதிராக நிற்கும்போது, 25 ரூபாய் ஷேர் வாங்கிய ஆள் என்ன செய்ய முடியும்? இதைக் கேட்காமல் துரோகி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். தியாகியைக் கும்பிடலாம், துரோகியைத் திட்டலாம். தொழில் எப்படித் தோற்றது என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தச் சோம்பலை உடைத்த ஒரு புத்தகம் வந்திருக்கிறது. ஆ.இரா.வேங்கடாசலபதி 1984-லேயே வ.உ.சி.யின் கடிதங்களைப் பதிப்பித்தவர். அப்போது அவர் பள்ளிப் பருவம் தாண்டாத பையன். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இந்த ஒரே கம்பெனியின் பின்னால் ஆவணக் காப்பகங்களில் அலைந்து, 2023-ல் இங்கிலீஷில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தலைப்பைப் பாருங்கள்: 'ஸ்வதேசி ஸ்டீம்'. கடலில் விழுந்த சொல்லை ஒருவர் வெளியே எடுத்துவிட்டார்! 1908 எழுச்சியைப் பற்றி அவர் தமிழில் எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' புத்தகத்துக்கு 2024-ன் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அந்த எழுச்சியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத சாதாரண ஜனங்கள். படம் பார்த்து அழுதவர்கள் இந்த இரண்டையும் படிக்க வேண்டும். அழுகை நிற்காது. ஆனால், எதற்கு அழுகிறோம் என்பது தெளிவாகும்.

*

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கம்பெனி மூடிய மூன்றே வருஷத்தில், 1914-ல், பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. எந்தக் கொழும்புப் பயணிக்காக அவ்வளவு பெரிய யுத்தம் நடந்ததோ, அந்தப் பயணிகளில் பெரும்பாலோரை இன்னொரு நீராவி வழி அள்ளிக்கொண்டு போனது. சுதேசிக் கம்பெனி பிழைத்திருந்தாலும் அந்த அடியைத் தாங்கியிருக்குமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. படம் வந்த அதே 1961-ல்தான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பும் நடந்தது. மூச்சின் காலமும் அதோடு முடிந்தது.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி விட்டார்கள். 'ஸ்கோடியா பிரின்ஸ்' என்று பெயர். ஆரம்ப விழாவில் வ.உ.சி. பெயரைச் சொல்லி எல்லோரும் நெகிழ்ந்தார்கள். சில மாசத்திலேயே சர்வீஸ் நின்றது. பி.ஐ. கம்பெனி இல்லை, ஆஷ் துரை இல்லை, இலவசக் குடை இல்லை. கப்பல் நிரம்பவில்லை, எண்ணெய்ச் செலவு கட்டவில்லை. அவ்வளவுதான். 1907-ன் கணக்குப் புத்தகத்தை யாராவது ஒரு தடவை புரட்டியிருந்தால், விழாவில் மாலைச் செலவைக் குறைத்து முதல் இரண்டு வருஷ நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று பேசியிருப்பார்கள்.

நீராவி போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகத்தில் இறங்கும் முக்கியமான சரக்கு நிலக்கரி. பக்கத்திலேயே 1979-ல் ஓடத் தொடங்கிய அனல் மின்நிலையம். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டாக வளர்ந்தது. அனல் மின்நிலையம் என்றால் வேறென்ன? கரியை எரி, தண்ணீரைக் கொதிக்க வை, ஆவியைக் கொண்டு சக்கரத்தைச் சுற்று. அதே சமாச்சாரம்தான். அந்தக் கரியின் புகையும் சாம்பலும் யார் தலையில் விழுகிறது, மின்சாரம் யார் வீட்டில் எரிகிறது என்பதெல்லாம் வ.உ.சி. மில் வாசலில் நின்று கேட்ட கேள்வியின் வாரிசுகள்.

கோவை சிறையில் அவர் இழுத்த செக்குக்கு நினைவிடம் இருக்கிறது. இருக்கட்டும். இனி யாராவது அவர் கதையை மறுபடி படமாக எடுத்தால் ஒரே ஒரு காட்சியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். வசனம்கூட வேண்டாம். ராத்திரி நேரம், கம்பெனி ஆபீஸ். வக்கீல் சிதம்பரம் பிள்ளை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பேரேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் அன்றைக்கு விற்ற டிக்கெட். வலது பக்கம் அன்றைக்கு எரிந்த கரி. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். கூட்டிப் பார்க்கிறார். விடிந்தால் கப்பல் கிளம்ப வேண்டும். பேரேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், கரி ஏற்றச் சொல்கிறார்.